சின்ன காருக்குள் பெரிய இன்ஜின்: ராலிக்குத் தயாராகும் கார் எங்கே உடைகிறது?

சென்னையின் பழைய கார் உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைச் சந்துகளில் கிடைக்காத இன்ஜின் இல்லை. கிரீஸ் படிந்த தரையில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். மாடலைச் சொன்னால் போதும், உள்ளேயிருந்து தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். போன வருடம் கொளத்தூர்த் தம்பி ஒருவரோடு அங்கே போயிருந்தேன். மண் பாதையிலும் தார்ச் சாலையிலும் நேரத்தோடு போட்டியிடும் ராலிக்காக உள்ளிருக்கும் சீட், கார்ப்பெட் எல்லாவற்றையும் கழற்றிப் போட்ட மாருதி ஜென் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் அதே மாருதியின் பெரிய காரான எஸ்டீமின் இன்ஜினை வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கூட வந்த மெக்கானிக் அண்ணன் இன்ஜின்கள் பக்கம் திரும்பவே இல்லை. "இன்ஜின் கிடைச்சிடும் தம்பி. கியர்பாக்ஸுக்கும் ஆக்ஸிலுக்கும் என்ன வழி வெச்சிருக்கீங்க?" என்றுதான் முதலில் கேட்டார்.

அவர் கேட்டதில் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கார் என்பது ஒரு சங்கிலி: இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்ஸில். தொழிற்சாலையில் ஒவ்வொரு கண்ணியையும் அந்தக் காருக்கென்று தேர்ந்தெடுத்த இன்ஜினின் பலத்துக்கு ஏற்றபடி செய்கிறார்கள். பெரிய இன்ஜின் வைத்தால் முதல் கண்ணி மட்டும் பலமாகிறது. பலவீனம் அடுத்த கண்ணிக்கு நகர்கிறது. அதைச் சரிசெய்தால் அதற்கும் அடுத்ததற்கு. கார் எந்த இடத்தில் உடையப் போகிறது என்பதை நாம் முன்கூட்டியே தீர்மானித்து வைக்காவிட்டால், காட்டுப் பாதையின் நடுவில் கார் தானே தீர்மானித்துக்கொள்ளும்.

இதற்கு நல்ல உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம், வண்டலூர் போதும். ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1960-களில் அங்கே தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 948 சிசி இன்ஜின், மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும் பெரிய பானெட், தனிச் சட்டகம். அதே ஹெரால்டின் சட்டகத்தைச் சுருக்கித்தான் இங்கிலாந்தில் டிரையம்ப் நிறுவனம் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கியது. 1147 சிசி, 63 பிஎச்பி (குதிரைத்திறன்). 1964, 65-ல் கம்பெனியின் சொந்த அணியே அதை ராலிகளில் ஓட்டியது.

அப்புறம் 1966-ல் அதே ஸ்பிட்ஃபயரின் அடித்தளத்தில் ஆறு சிலிண்டர், 1998 சிசி இன்ஜினை வைத்து ஜிடி6 என்று வெளியிட்டார்கள். 95 பிஎச்பி. நேர் சாலையில் பறந்தது. வளைவில்தான் சிக்கல். ஹெரால்டிலிருந்து வந்த ஸ்விங் ஆக்ஸில் பின்புறம் அப்படியே இருந்தது. இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் சட்டகத்தோடு இறுகியிருக்கும், அங்கிருந்து இரு பக்கமும் ஆக்ஸில் கதவுபோல மேலும் கீழும் ஆடும். வளைவின் நடுவில் ஓட்டுநர் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் காரின் பின்பகுதி எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும், பின்புறம் வெளியே வீசிப்போகும். 948 சிசி ஹெரால்டில் இந்தக் குணம் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு லிட்டர் இன்ஜின் வந்ததும் விழித்துக்கொண்டது. 1968-ல் வந்த மார்க் 2-வில் கீழே விஷ்போன் என்ற கூடுதல் தாங்குக் கை கொடுத்துப் பின்புற அமைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. சென்னைத் தொழிற்சாலையும் அந்த ஸ்விங் ஆக்ஸிலை விட்டுவிட்டுச் சாதாரண ஆக்ஸிலுக்கு மாறியது, நம் சாலைகளின் காரணத்துக்காக. தொழிற்சாலையே செய்த இன்ஜின் மாற்றத்திலேயே இப்படி என்றால், ஷெட்டில் செய்வதில் எவ்வளவு யோசிக்க வேண்டும் பாருங்கள்.

சரி, இவ்வளவு தொல்லை எதற்கு? கணக்கு அவ்வளவு ஆசைகாட்டுகிறது. ஜென்னில் இருப்பது 993 சிசி இன்ஜின், 50 பிஎச்பி. கார் சுமார் முக்கால் டன். அதாவது டன்னுக்கு 67 பிஎச்பி. எஸ்டீமின் 1298 சிசி எம்பிஎஃப்ஐ (எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் தெளிக்கும்) இன்ஜின் 85 பிஎச்பி தரும். மாற்றத்தால் 40 கிலோ கூடியது என்று வைத்துக்கொண்டாலும் டன்னுக்கு 107-ஐத் தாண்டிவிடும். காரின் உருவம் மாறவில்லை, குறுகலான பாதையில் நுழையும் லாகவம் போகவில்லை, இழுவை மட்டும் ஒன்றரை மடங்குக்கும் மேல். இரண்டும் சுசூகியின் ஒரே இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் மற்ற மாற்றங்களைவிட இதில் வெட்டி ஒட்டும் வேலை குறைவு. நம் ஊர் ராலி ஷெட்களில் இந்தச் சேர்க்கை பேர் வாங்கியதற்கு அதுதான் காரணம். ஜிப்ஸியும் இதே வழியில் வளர்ந்த வண்டிதான்: 970 சிசி-யில் தொடங்கி, கம்பெனியே பின்னர் 1298 சிசி-க்கு மாற்றியது.

ஆனால் ராலியில் பிஎச்பி மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். 1965 மான்டே கார்லோ ராலியின் முடிவுகளை ஒருமுறை பாருங்கள். சன்பீம் ஆல்பைன் என்ற 1.6 லிட்டர் சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்குள் ஃபோர்டின் 4.2 லிட்டர், எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினை அடைத்து, 164 பிஎச்பி-யோடு டைகர் என்ற பெயரில் 1964-ல் வெளியிட்டிருந்தார்கள். இதன் முதல் மாதிரிக் கார்களில் ஒன்றை அமெரிக்காவில் கரோல் ஷெல்பி செய்து கொடுத்தார். அந்தப் பனி கொட்டிய ராலியில் டைகர் நான்காவது இடம் பிடித்தது. பெரிய சாதனைதான். முதலிடம் பிடித்தது 1275 சிசி மினி கூப்பர் எஸ். மூன்றாமிடத்தில் டைகருக்கு முன்னால் நின்றது 841 சிசி, மூன்று சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் சாப் 96. ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள இன்ஜின்!

காரணம் டயருக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிறது. காய்ந்த தார்ச் சாலையில் டயர் தரும் பிடிமானத்தில் சரளைக் கற்கள் கிடக்கும் மண் பாதையில் பாதியோ அதற்குச் சற்று மேலோதான் கிடைக்கும். பனியில் அதைவிடக் குறைவு. அந்த வரம்பைத் தாண்டித் தரும் ஒவ்வொரு பிஎச்பி-யும் சக்கரத்தைச் சும்மா சுழலவைக்கும், அவ்வளவுதான். கோவைப் பக்கம் கேத்தனூர் காற்றாலைகளுக்கு நடுவே ஓடும் மண் பாதைகளிலும், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கின் தாரிலும் ஒரே கார் இரண்டு வேறு காராக நடந்துகொள்ளும். ஜென் மாதிரி முன்சக்கர இழுவைக் கார்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. வேகமெடுக்கும்போது எடை பின்பக்கம் சாய்கிறது, இழுக்க வேண்டிய முன்சக்கரங்கள் இலேசாகின்றன. ஆகவே ராலிக்கு வேண்டியது உச்சிப் பலம் என்பதைவிட, நடு ஆர்பிஎம்-மில் (சுழற்சி வேகத்தில்) அடங்கி ஒழுங்காக வரும் டார்க், அதாவது முறுக்கு விசை. வளைவிலிருந்து வெளியே வரும்போது கியரைக் குறைக்காமலேயே இழுக்கிற இன்ஜின்தான் நேரத்தை மிச்சம் பிடிக்கும். பெரிய இன்ஜினின் உண்மையான லாபம் இதுதான் என்பது என் கருத்து. சின்ன இன்ஜினைக் கேம், கார்புரேட்டர் என்று முறுக்கி 85 பிஎச்பி எடுப்பதற்கும், பெரிய இன்ஜினில் அலட்டாமல் 85 பிஎச்பி வருவதற்கும் ராலியின் இரண்டாவது நாள் மதியம் வித்தியாசம் தெரியும்.

எடை எவ்வளவு கூடுகிறது என்பதோடு எங்கே கூடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன், பின் ஆக்ஸில்களுக்கு இடைத்தூரம் 2.3 மீட்டர். புதிய இன்ஜினால் கூடும் 40 கிலோ, முன் ஆக்ஸிலுக்கு 30 செ.மீ. முன்னால் தள்ளி உட்காருகிறது. அப்போது முன்சக்கரங்களின் மேல் 45 கிலோ ஏறும், பின்சக்கரங்களிலிருந்து 5 கிலோ குறையும். நெம்புகோல் மாதிரி. அதே 40 கிலோவை ஆக்ஸிலுக்குப் பின்னால் தள்ளி உட்காரவைத்தால் ஒரு பகுதி பின்சக்கரங்களுக்கும் போகும். இதற்காகத்தான் பின்சக்கர இழுவைக் கார்களில், இன்ஜின் அறைக்கும் ஓட்டுநருக்கும் நடுவிலுள்ள தகடான ஃபயர்வாலை வெட்டி, இன்ஜினை முடிந்தவரை ஓட்டுநரின் கால்மாட்டுக்குத் தள்ளுகிறார்கள். டைகரில் தொழிற்சாலையிலேயே, பெயின்ட் அடித்த ஃபயர்வாலைச் சம்மட்டியால் அடித்து உள்ளே வளைத்துத்தான் வி8-ஐ இறக்கினார்கள். பின்னாலிருந்த ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற, காருக்குள்ளிருந்து ஒரு துளை வழியாகக் கைவிட வேண்டும். கைபோகும் இடம் இல்லாத இன்ஜின் அறை என்பது ராலியில் வெறும் அசௌகரியம் இல்லை. சர்வீஸுக்குக் கிடைக்கும் அரை மணி நேரத்தில் பாதியை அதுவே தின்றுவிடும்.

இரும்பா அலுமினியமா என்பதும் இங்கே பெரிய விஷயம். எம்ஜிபி என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் ரோவரின் 3.5 லிட்டர் அலுமினிய வி8-ஐப் பொருத்தியபோது, அது ஏற்கெனவே இருந்த 1.8 லிட்டர் இரும்பு இன்ஜினைவிட ஏறத்தாழ 18 கிலோ குறைவாகவே இருந்தது. கொள்ளளவு இரு மடங்கு, எடை குறைவு. அதே ரோவர் வி8-தான் டிரையம்ப் டிஆர்7 ராலி காருக்குள்ளும் போனது. 2 லிட்டர், நாலு சிலிண்டர் காராகப் பிறந்த டிஆர்7, வி8 வந்த பிறகு 1978-ல் டோனி பாண்டின் கையில் பெல்ஜியத்தின் ஈப்ர ராலியையும் மேன் தீவு ராலியையும் வென்றது. இரண்டுமே தார்ச் சாலை ராலிகள் என்பதைக் கவனியுங்கள். மண் பாதையில் அந்தக் கார் அந்த அளவுக்குச் சோபிக்கவில்லை.

இங்கே ஒரு சென்னைக் கதையும் குறுக்கே வருகிறது. அந்த வி8-ஓடு இங்கிலாந்தில் வெளிவந்த ரோவர் எஸ்டி1 காரின் உடல் 1985-ல் சென்னைக்கு வந்து ஸ்டாண்டர்ட் 2000 ஆனது. உள்ளே வைத்தது பழைய 1991 சிசி, நாலு சிலிண்டர் இன்ஜின், 80 பிஎச்பி-யை ஒட்டிய பலம். பெரிய உடலுக்குள் சின்ன இன்ஜின், நாம் பேசும் மாற்றத்துக்கு நேர் எதிர்த் திசை. அந்தக் கார் நீண்ட நாள் நிற்கவில்லை. எந்தத் திசையில் போனாலும் இன்ஜினும் உடலும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள வேண்டும்.

மெக்கானிக் அண்ணன் கேட்ட கியர்பாக்ஸ், ஆக்ஸில் பக்கம் வருவோம். பணமும் நேரமும் அதிகம் கரையும் இடம் அதுதான். இன்ஜினின் டார்க் நாற்பது சதவீதம் கூடினால் முதல் கியரின் ஒவ்வொரு பல்லின் மேலும் அழுத்தம் நாற்பது சதவீதம் கூடும். கிளட்ச் பிளேட் நழுவும். அதைக் கடினமான பிளேட்டாக மாற்றினால் நழுவல் நின்றுவிடும், ஆனால் அதுவரை கிளட்ச் உள்வாங்கிக்கொண்டிருந்த அதிர்ச்சி நேராகக் கியருக்கும், ஆக்ஸில் முனையில் வளைந்தபடியே சுழலும் சிவி ஜாயின்ட்டுக்கும் போகும். ராலியில் மோசமான நொடி எது தெரியுமா? மேட்டில் ஏறிக் கார் அந்தரத்தில் மிதக்கும் நொடி. காற்றில் சுமையில்லாமல் வெறித்தனமாகச் சுழலும் சக்கரம் தரையைத் தொட்டதும் பிடித்து நிற்கும். இன்ஜினின் டார்க்கைப் போல் பல மடங்கு விசை அந்தக் கணத்தில் ஆக்ஸிலை முறுக்கும். ஸ்டியரிங் திருப்பிய நிலையில் இருந்தால் சிவி ஜாயின்ட்டின் குண்டுகள் கோணத்தில் நின்றபடி அந்த அடியை வாங்க வேண்டும். நான் முன்பு கோ-டிரைவராக உட்கார்ந்த ஒரு காரில் இப்படித்தான் நடந்தது. ஒரு டமார், அப்புறம் இன்ஜின் உறுமுகிறது, கார் நகரவில்லை. புது இன்ஜினுக்கு ஒரு கீறலும் இல்லை. முறிந்த ஆக்ஸிலின் வாயைப் பார்த்தபோது எஃகு திருகிப் பிழிந்த துணி மாதிரி இருந்தது. அன்றைக்கு ரோட்டோரப் புளியமரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

ஆகவே அனுபவப்பட்டவர்கள் இன்ஜினோடு அதே காரின் கியர்பாக்ஸையும் சேர்த்தே வாங்குவார்கள். பல்லின் அகலம், பேரிங் எல்லாம் அந்த டார்க்குக்குச் செய்தவை. ஆனால் அந்தப் பெட்டியில் எல்லாக் கியருக்கும் பொதுவான கடைசி விகிதம் பெரிய காரின் சக்கர அளவுக்கு வைத்தது. அதை மாற்றாமல் விட்டால் நாலாவது, ஐந்தாவது கியர்கள் ராலியில் பயன்படாமலே போகும். ஆக்ஸிலின் நீளமும் ஒத்துவராது. ஒரு முனையை ஒரு காரிலிருந்தும் மறுமுனையை இன்னொன்றிலிருந்தும் எடுத்து நடுவில் வெட்டி வெல்டிங் வைப்பதைச் சில ஷெட்களில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கடினப்படுத்திய எஃகின் பலம் வெல்டிங் சூட்டில் போய்விடும், அந்த ஒட்டை ஒட்டியே முறியும். அம்பத்தூர், கிண்டி எஸ்டேட்களில் நல்ல எஃகுக் கம்பியிலிருந்து புதிதாகக் கடைந்து, ஸ்ப்லைன் என்ற பற்கள் வெட்டி, ஹீட் ட்ரீட்மென்ட் செய்து தரும் பட்டறைகள் இருக்கின்றன. கார் உதிரிபாகத் தொழில் இவ்வளவு செறிந்திருக்கும் ஊரில் இருப்பதன் பெரிய வசதி இது.

ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தின் கணக்கும் சொல்ல வேண்டும். ஜென் இன்ஜினில் ஸ்ட்ரோக் 61 மி.மீ., எஸ்டீமில் 75.5 மி.மீ. ஸ்ட்ரோக் நீண்டால் இன்ஜினின் உயரமும் கூடும். மேலே பானெட், கீழே ஆயில் நிற்கும் சம்ப், எந்தப் பக்கம் விட்டுக்கொடுப்பது? கீழே இறக்கினால் கல்லில் அடிபடும். மேலே தூக்கினால் காரின் ஈர்ப்பு மையம் உயரும், ஆக்ஸில்களின் கோணமும் கெடும். பானெட்டைப் புடைக்கவைத்தாலும் பரவாயில்லை, சம்புக்கு அடியில் கைவிரல் அகல இடைவெளியும் தடித்த அலுமினிய கார்டும் இருக்க வேண்டும்.

வெப்பம். இதை ஐரோப்பிய அனுபவத்தை வைத்து முடிவுசெய்ய முடியாது. பெட்ரோல் இன்ஜின் தரும் வேலைக்கு ஏறக்குறைய இணையான வெப்பம் கூலன்ட் வழியாக வெளியேற வேண்டும். 35 பிஎச்பி கூடினால் 26 கிலோவாட் கூடுதல் வெப்பம். கூலன்ட் 95 டிகிரி, வெளியே 15 டிகிரி என்றால் வித்தியாசம் 80. நம் மே மாதத்து 40 டிகிரியில் அது 55 ஆகிவிடும். ஒரே ரேடியேட்டர், வேலை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதற்கு மேல் செம்மண் தூசி வந்து ஃபின்களை அடைக்கும். ராலியில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும் வேகமும் எப்போதும் இருக்காது. ஹேர்பின் வளைவுகளில் இரண்டாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டரோடு ஏறும்போது சூடு உச்சத்தில், காற்று மிகக் குறைவு. அதனால் பெரிய இன்ஜினோடு அதற்கேற்ற ரேடியேட்டரும் இரட்டை ஃபேனும் கட்டாயம். பிரேக்கும் இதே கணக்கில்தான் வரும். முன்பைவிட வேகமாக வளைவை அடையும் காரை நிறுத்தவும் வேண்டுமே.

வயரிங் பற்றி ஒரு வார்த்தை: இன்ஜினோடு அதன் இசியு (கட்டுப்பாட்டுக் கணினி), சென்சார், வயர் கட்டு எல்லாவற்றையும் முழுசாக எடுத்துவிடுங்கள். வெட்டி எடுத்த வயரை அடையாளம் கண்டு சேர்ப்பதில் வாரங்கள் போகும்.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் போட்டி விதி ஒத்துக்கொள்ள வேண்டும். ராலியில் கார்கள் சிசி-யை வைத்துப் பிரிவுகளாகின்றன. இன்ஜின் பெரிதானால் பிரிவும் மாறும், 1300 சிசி கார் 1600 சிசி கார்களோடு மோத நேரலாம். உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏ-யின் அங்கீகாரத்தை அடிப்படையாகக் கொண்ட பிரிவுகளில் அந்த மாடலுக்குரிய பிளாக்கே இருக்க வேண்டும், வேறு காரின் இன்ஜினுக்கு இடமே இல்லை. கொள்ளளவு விதி கார்களின் பிறப்பையே தீர்மானித்த கதைகள் உண்டு. ரெனோ 5 டர்போ ஏன் 1397 சிசி? டர்போ இன்ஜினின் கொள்ளளவை அன்று 1.4 ஆல் பெருக்கிக் கணக்கிட்டார்கள். பெருக்கினால் 1956, இரண்டு லிட்டர் பிரிவுக்குள் அடங்கும். அந்தக் கார் 1981 மான்டே கார்லோவை வென்றது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ-யின் அந்த ஆண்டு விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டு அப்புறம் புதுப்பேட்டைக்குப் போவதுதான் முறை. பல பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காரைக் கட்டி முடித்து, போட்டிக்கு முந்தைய பரிசோதனையான ஸ்க்ரூட்டினியில் நிறுத்திய பிறகு, அதற்கு ஏற்ற பிரிவே இல்லை என்று தெரிந்து திரும்பிய முகங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வருட உழைப்பு அது.

ரேஸுக்கும் ராலிக்கும் சட்டத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. டிராக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம். ராலி காரோ ஒரு ஸ்டேஜ் (நேரம் கணக்கிடும் போட்டிப் பகுதி) முடிந்து அடுத்த ஸ்டேஜுக்குப் பொதுச் சாலையில், சாதாரணப் போக்குவரத்தோடு ஓடியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்சி புக்கின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சிசி-யும் இன்ஜின் நம்பரும் ஆர்சி-யில் இருப்பவை. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்க இதுவே போதும். ஆகவே பழைய இன்ஜின் வாங்கும்போது பில், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற ஆவணம் இரண்டையும் வாங்காமல் கடையை விட்டு நகராதீர்கள். முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் என்ன அனுமதி கிடைக்கும் என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்தக் கார் மூடிய மைதானப் போட்டிகளுக்கு மட்டும்தான்.

சில நேரம் சரியான மாற்றம் கீழ்நோக்கியும் இருக்கும். 1970-ல் லண்டனிலிருந்து மெக்சிகோ வரை ஓடிய ராலிக்கு ஃபோர்டு தன் எஸ்கார்ட்டைத் தயார்செய்தபோது, கையில் வேகமான ட்வின் கேம் இன்ஜின் இருந்தது. அதை விட்டுவிட்டு, எளிய புஷ்ராட் இன்ஜினை 1.85 லிட்டர் அளவுக்குப் பெருக்கி வைத்தார்கள். தென்னமெரிக்க மலை உயரத்திலும், கிடைத்த பெட்ரோலிலும், வழியில் கிடைக்கும் ஸ்பேனரிலும் அது தாக்குப்பிடிக்கும் என்ற கணக்கு. சுமார் 25,000 கி.மீ. ஓடி ஹன்னு மிக்கோலா அந்தக் காரில்தான் வென்றார்.

கொளத்தூர்த் தம்பி அன்றைக்கு இன்ஜின் வாங்கவில்லை. முதலில் கியர்பாக்ஸும் இரண்டு ஆக்ஸிலும் வாங்கினார். அவற்றைப் பழைய 993 சிசி இன்ஜினோடு ஓட்டிப் பார்த்து, ரேடியேட்டரையும் பிரேக்கையும் மாற்றி, விதிப்புத்தகத்தில் தன் பிரிவையும் உறுதிசெய்துகொண்டு, நாலு மாதம் கழித்துத்தான் எஸ்டீம் இன்ஜின் உள்ளே போனது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் வெற்று நிலத்தில் முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மெக்கானிக் அண்ணன் காருக்கு அடியில் படுத்தார். ஆக்ஸிலும் சம்பும் நன்றாக இருந்தன. வலது பக்க இன்ஜின் மவுண்டின் ரப்பர் பாதிவரை கிழிந்திருந்தது. "இனிமே இதுதான் உன் வீக் பாயின்ட், தம்பி. ரெண்டு ஸ்பேர் எப்பவும் வண்டியில இருக்கட்டும்" என்றார்.